ஓடூ ஓடுமா?

"இந்த சாஃப்ட்வேர் போட எவ்வளவு ரேம் வேணும்?"

நண்பர்களே, லேபில் நாம் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். கேள்வியில் தப்பில்லை. ஆனால் அந்த ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொண்டு, "16 ஜி.பி. இருக்கு, போதும் வா" என்று கிளம்பினால் என்ன ஆகும்? 2024 டிசம்பரில் இன்பிளான்ட் ட்ரெயினிங் போன இடத்தில் அதை நானும் என் பெஞ்ச் நண்பனும் அனுபவித்தே தெரிந்துகொண்டோம். சிலபஸில் எந்த யூனிட்டிலும் இல்லாத விஷயம். நாளைக்கு வேலைக்குப் போகிற இடத்தில் உங்கள் தலையில் இது விழ நிறைய வாய்ப்பு இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் போனது மோட்டார் பம்புக்கு உதிரி பாகங்கள் செய்கிற ஒரு பட்டறை. சுமார் நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். பில் போடுவது, ஸ்டாக் பார்ப்பது, பர்ச்சேஸ் ஆர்டர் எல்லாமே ஆபீஸ் மூலையில் கிடந்த ஒரு பழைய பெட்டியில் ஓடிக்கொண்டிருந்தது. சாஃப்ட்வேரின் பெயர் ஓடூ. டிசம்பர் 27-ஆம் தேதி காலையில் அந்தப் பெட்டி எழுந்திருக்கவில்லை. மதர்போர்டு போய்விட்டது. லோடு ஏற்றிய லாரி வாசலில் நிற்கிறது, பில் இல்லாமல் வண்டி நகர முடியாது. பேர் ஓடூ, ஆனால் ஓடவில்லை!

முதலில் ஓடூ என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பெல்ஜியம் நாட்டில் ஃபாபியன் பிங்கர்ஸ் என்பவர் 2005-இல் டைனி ஈ.ஆர்.பி. என்ற பெயரில் ஆரம்பித்தது. பிறகு ஓப்பன் ஈ.ஆர்.பி. ஆகி, 2014 முதல் ஓடூ ஆனது. குஜராத்தில் காந்திநகரில் அவர்களுக்குப் பெரிய அலுவலகம் இருக்கிறது. கம்யூனிட்டி பதிப்பு இலவசம், மூல நிரலையும் திறந்தே கொடுக்கிறார்கள். பைதானில் எழுதியது, டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ், பயன்படுத்துகிறவர் பிரவுசரில் பார்ப்பார். அவர்கள் சர்வரில் மாதச் சந்தா கட்டியும் வைத்துக்கொள்ளலாம், நம் ஆபீஸ் மிஷினிலேயே நாமே நிறுவியும் ஓட்டலாம். இரண்டாவது வழியைத்தான் செல்ஃப் ஹோஸ்டிங் என்கிறார்கள். சொந்த வீடு மாதிரி. வாடகை கிடையாது, ஆனால் ஓடு உடைந்தால் நாம்தான் மேலே ஏற வேண்டும்.

பட்டறை முதலாளி சும்மா இருக்கவில்லை. மதியத்துக்குள் புது கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. புது பிராசஸர், எஸ்.எஸ்.டி., ரேம் 16 ஜி.பி. பழையதில் இருந்தது வெறும் 4 ஜி.பி.தான். "தம்பி, நாலு மடங்கு போட்டாச்சு. ஒரு மணி நேரத்துல ஏத்திருவீங்கல்ல?" என்றார். நாங்களும் "ஏத்திடலாம் சார்" என்றோம். வாய் கொடுத்து மாட்டிக்கொண்டது அங்கேதான்.

ரேம் கணக்கை இங்கேயே முடித்துவிடுகிறேன், ஏனென்றால் இது இருப்பதிலேயே சுலபமான பகுதி. ஓடூவின் ஆவணத்திலேயே ஒரு மதிப்பீட்டுக் கணக்கு இருக்கிறது. ஓடூ பல வொர்க்கர்களாகப் பிரிந்து வேலை செய்யும். ஒரே சமயத்தில் வேலை செய்கிற 6 பேருக்கு ஒரு வொர்க்கர் என்று வைத்துக்கொள்ள வேண்டும். அதிகபட்சம் எத்தனை வொர்க்கர் வைக்கலாம் என்பதற்கு, சி.பி.யு. எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்ட வேண்டும். வருகிற வேலைகளில் நூற்றுக்கு 80 இலேசானது, 150 எம்.பி. போதும், 20 கனமானது, 1 ஜி.பி. வரை கேட்கும். ஆக ஒரு வொர்க்கருக்குச் சராசரி 0.8 × 150 + 0.2 × 1024, அதாவது சுமார் 325 எம்.பி.

இந்தப் பட்டறையில் லாகின் வைத்திருப்பவர்கள் 14 பேர். ஆனால் ஒரே நேரத்தில் தட்டுகிறவர்கள் ஏழெட்டுப் பேர்தான். இந்த வித்தியாசத்தை எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். கணக்குக்கு வேண்டியது இரண்டாவது எண். எட்டுப் பேருக்கு இரண்டு வொர்க்கர், தானாக ஓடுகிற நேர அட்டவணை வேலைகளுக்கு இன்னொன்று. மூன்றுக்கும் சேர்த்து ஏறக்குறைய 1 ஜி.பி. போஸ்ட்கிரெஸுக்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் ஒதுக்கினாலும் 4 ஜி.பி.க்குள் அடங்கிவிடும். பழைய பெட்டி 2019-லிருந்து ஐந்து வருடம் அந்த நாலிலேயே சத்தமில்லாமல் ஓடியதன் ரகசியம் இதுதான். 60 பேர் ஒரே நேரத்தில் தட்டுகிற கம்பெனிக்குக்கூட இந்தக் கணக்கில் ஓடூவுக்கு மட்டும் சுமார் 3 ஜி.பி.தான் வரும்.

ரேம் தாராளமாக இருந்தும் "ஹேங் ஆகுது" என்று புகார் வரும் இடம் ஒன்று உண்டு. ஒரு வேலை 120 விநாடிக்கு மேல் நீண்டாலோ, பிராசஸரை 60 விநாடிக்கு மேல் பிடித்துக்கொண்டாலோ, ஓடூ அந்த வொர்க்கரைத் தானே நிறுத்திவிடும். மெமரியிலும் அப்படித்தான், 2 ஜி.பி.யைத் தாண்டினால் அந்த வேலை முடிந்ததும் வொர்க்கரை மாற்றிவிடும். இவையெல்லாம் கான்ஃபிக் ஃபைலில் நாம் மாற்றக்கூடிய எண்கள். வருடக் கடைசியில் மொத்த ஸ்டாக் ரிப்போர்ட் எடுக்கும்போது திரை பாதியில் நின்றால் புது ரேம் வாங்க ஓடாமல், முதலில் லாக் ஃபைலைத் திறந்து பாருங்கள்.

சரி, பட்டறைக்கு வருவோம்.

முதல் யோசனை, பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிப் புது மிஷினில் மாட்டிவிடுவது. டிஸ்க் நல்லபடியாகத்தான் இருந்தது. மாட்டினோம், பூட் ஆகவில்லை. பழைய பெட்டி பயாஸ் முறையில் நிறுவியது, டிஸ்க்கின் பிரிவினையும் பழைய எம்.பி.ஆர். வகை. புது போர்டோ யூ.ஈ.எஃப்.ஐ. முறையில் மட்டும் எழுந்திருக்கும். பழைய முறைக்கு உதவுகிற வசதியே அதில் எடுக்கப்பட்டிருந்தது. இப்போது வருகிற போர்டுகள் பலவும் அப்படித்தான். டிஸ்க் உள்ளே எல்லாம் இருக்கிறது, கதவுக்குத்தான் சாவி பொருந்தவில்லை. இது ஆபரேட்டிங் சிஸ்டம் ஏறுவதற்கு முன்பே வருகிற பொருத்தப் பிரச்சினை. ‘சிஸ்டம் ரெக்வயர்மென்ட்ஸ்’ பட்டியல் எதிலும் இதை நான் படித்ததில்லை.

அடுத்த யோசனை, புது மிஷினில் உபுண்டு நிறுவி, ஓடூவைப் புதிதாக ஏற்றி, டேட்டாவை மட்டும் பழைய டிஸ்க்கிலிருந்து காப்பி செய்வது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. நண்பன் பென் டிரைவில் வைத்திருந்த உபுண்டு 22.04-ஐப் போட்டான். அங்கே ஆரம்பித்தது எங்கள் இரண்டு நாள் சனி.

உபுண்டு எல்.டி.எஸ். பதிப்பு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும். ஒவ்வொன்றும் தன்னோடு ஒரு பைதானையும் ஒரு போஸ்ட்கிரெஸையும் கொண்டுவரும். 18.04-இல் பைதான் 3.6, போஸ்ட்கிரெஸ் 10. 20.04-இல் 3.8, 12. 22.04-இல் 3.10, 14. 24.04-இல் 3.12, 16. இந்த எட்டு எண்களை நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சைக்கு வராது, ஆனால் வேலைக்கு வரும்.

பட்டறையில் இருந்தது ஓடூ 12-ஆம் பதிப்பு. அது 2018-இல் வந்தது. அது துணைக்கு அழைக்கிற பைதான் லைப்ரரிகளின் பெயரையும் பதிப்பு எண்ணையும் ரெக்வயர்மென்ட்ஸ் ஃபைலில் வரிசையாக எழுதியிருப்பார்கள். அவ்வளவும் அந்தக் காலத்து எண்கள். 2021-இல் பைதான் 3.10 வந்தபோது, பல வருடமாக ‘இது போகப் போகிறது’ என்று எச்சரித்து வந்த சில பழைய வழிகளை அடியோடு எடுத்துவிட்டார்கள். பழைய லைப்ரரிகள் அந்த வழிகளைத்தான் நம்பி எழுதப்பட்டவை. விளைவு, நிறுவும்போதே சில கம்பைல் ஆகாமல் நின்றன. நின்றவற்றைச் சமாளித்து ஏற்றினால், ஓடூவை ஆரம்பித்த மறு விநாடி ‘இம்போர்ட் எரர்’ என்று விழுந்தது.

இதன் மறுபக்கமும் உண்டு. 2023-இல் வந்த ஓடூ 17 பைதான் 3.10-க்குக் குறைந்தால் ஏறாது. போஸ்ட்கிரெஸ் 12 அல்லது அதற்கு மேல் கேட்கும். இதை உபுண்டு 20.04-இல் போட்டால் டேட்டாபேஸ் சரி, பைதான் தவறு. ஆக ‘புதியதாக இருந்தால் ஓடும்’ என்றும் இல்லை, ‘பழையதாக இருந்தால் ஓடாது’ என்றும் இல்லை. ஒவ்வொரு பதிப்புக்கும் கீழேயும் ஒரு எல்லை, மேலேயும் ஒரு எல்லை. ஆவணத்தில் கீழ் எல்லையை மட்டும்தான் எழுதுவார்கள். மேல் எல்லையை எழுத முடியாது. நாலு வருடம் கழித்து வரப்போகிற பைதான் எதை எடுத்துவிடும் என்று எழுதுகிறவருக்கு எப்படித் தெரியும்?

நண்பனுக்கு ஆத்திரம். "3.10-தானே தொல்லை? அதைத் தூக்கிட்டு 3.6 போட்டுட்டா?" என்று தட்டினான். உபுண்டு கேட்டதற்கெல்லாம் ‘யெஸ்’ கொடுத்தான். கொஞ்ச நேரத்தில் டெஸ்க்டாப்பே காணோம்! உபுண்டுவின் சொந்தக் கருவிகள் பலவும் அதன் பைதானை நம்பித்தான் நிற்கின்றன. அதைக் கழற்றினால் அதன்மேல் நிற்கிற எல்லாம் கூடவே போகும். சிஸ்டத்தின் பைதானைத் தொடாமல், பக்கத்தில் தனியாக வேறொரு பைதானை வைத்து, விர்ச்சுவல் என்விரான்மென்ட்டுக்குள் ஓட்டுவதுதான் முறை. அன்று மாலை மறுபடியும் உபுண்டு நிறுவினோம். லாரி கைப்பில்லோடு போய்விட்டிருந்தது.

அந்தக் கைப்பில்லைப் பற்றி ஒரு வார்த்தை. அக்கவுண்ட்ஸ் பார்க்கிற அக்கா எங்களைவிடக் கெட்டிக்காரர். ஓடூவில் எந்த எண்ணோடு பில் நின்றது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. அதே வரிசையில் கையால் எழுதினால் பிறகு ஒரே எண்ணில் இரண்டு பில் வந்துவிடும். ஜி.எஸ்.டி. விதிப்படி பில் எண்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகள் வைத்துக்கொள்ளலாம். அக்கா ‘எம்’ என்று ஆரம்பிக்கிற தனி வரிசையைத் துவக்கி, கார்பன் வைத்து எழுத ஆரம்பித்துவிட்டார். "ஜனவரி 11-க்குள்ள ரிட்டர்ன் போடணும் தம்பி. அதுக்குள்ள வந்துருமா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது. பல வருடக் கணக்கும் அந்த டிஸ்க்கில் இருக்கிறது. தினமும் எடுக்கிற பேக்கப்? அதே டிஸ்க்கின் இன்னொரு ஃபோல்டரில்! அதுவும் எட்டு மாதத்துக்கு முன்பே டிஸ்க் நிறைந்து நின்றுபோயிருந்தது.

இரண்டாம் நாள் டேட்டாவைக் கையில் எடுத்தோம். பழைய டிஸ்க்கை யூ.எஸ்.பி. வழியாக இணைத்து, போஸ்ட்கிரெஸ் 10-இன் டேட்டா ஃபோல்டரை அப்படியே காப்பி செய்து, புது மிஷினில் போஸ்ட்கிரெஸ் 14-இன் இடத்தில் வைத்து ஆரம்பித்தோம். ‘இந்த ஃபைல்கள் 10-ஆம் பதிப்பு துவக்கியவை, 14-க்குப் பொருந்தாது’ என்ற பொருளில் ஒரு வரி சொல்லிவிட்டு நின்றது. எங்களுக்குக் கோபம் வந்தது, ஆனால் அது செய்தது நல்ல காரியம். தெரியாமல் திறந்து எழுதியிருந்தால் இருப்பதும் போயிருக்கும்.

போஸ்ட்கிரெஸில் 10, 11, 12 என்று முதல் எண் மாறினால் டிஸ்க்கில் எழுதும் முறையும் மாறலாம். அதனால் ஃபோல்டரைத் தூக்கி வைப்பது செல்லாது. ஒன்று, பழைய பதிப்பை ஓட விட்டு டம்ப் எடுத்து, புதியதில் ஏற்ற வேண்டும். அல்லது இரண்டு பதிப்பையும் ஒரே மிஷினில் வைத்து, அதற்கென்றே உள்ள அப்கிரேட் கருவியால் மாற்ற வேண்டும். டம்ப் எடுப்பதிலும் திசை உண்டு: பழையதிலிருந்து புதியதற்குப் போகலாம், புதியதில் எடுத்த டம்ப் பழையதில் ஏறும் என்று நம்பக்கூடாது.

பதிப்பு ஒன்றாகவே இருந்தாலும் இன்னொரு கண்ணி இருக்கிறது. இதைப் பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். எழுத்துகளை அகர வரிசைப்படுத்தும் விதியை போஸ்ட்கிரெஸ் பெரும்பாலும் லினக்ஸின் ஜி.லிப்-சி என்ற அடிப்படை லைப்ரரியிடம் கேட்டு வாங்கும். 2018-இல் வந்த அதன் 2.28-ஆம் பதிப்பில் அந்த விதி பெரிதாக மாறியது. உபுண்டு 18.04-இல் இருப்பது 2.27, 20.04-இல் 2.31. ஆகவே 18.04-இன் ஃபோல்டரை அதே போஸ்ட்கிரெஸ் 10-ஓடு புது உபுண்டுவில் வைத்தால் எழுந்து ஓடும், ஆனால் இண்டெக்ஸ் எல்லாம் பழைய வரிசையில் கிடக்கும். இருக்கிற கஸ்டமரையே தேடினால் ‘இல்லை’ என்று சொல்லலாம். ஓடாததைக்கூட மன்னிக்கலாம், தப்பாக ஓடுவதை என்ன செய்வது? இண்டெக்ஸ்களை மறுபடி கட்டினால்தான் சரியாகும். டம்ப் வழியாகப் போனால் இந்தத் தொல்லை இல்லை, ஏற்றும்போதே இண்டெக்ஸ் புதிதாகக் கட்டப்படும்.

கடைசியில் எங்களுக்கு வழி காட்டியவர் எங்கள் லேப் டெக்னீஷியன் அண்ணன். போனில் கதை முழுவதையும் கேட்டுவிட்டு, "ஏன்டா மாப்பிள்ளைக்கு ஏத்த மாதிரி வீட்டை இடிக்கறீங்க? அவனுக்குப் பழைய வீட்டையே கட்டிக் குடுங்க" என்றார். விர்ச்சுவல் மிஷின்! புது கம்ப்யூட்டருக்குள் விர்ச்சுவல் பாக்ஸ் போட்டு, அதற்குள் உபுண்டு 18.04. அதுவும் உடனே நடக்கவில்லை. 64-பிட் சிஸ்டத்தை உள்ளே ஏற்ற விடவில்லை. பிராசஸரின் விர்ச்சுவலைசேஷன் வசதி செட்டப்பில் அணைக்கப்பட்டிருந்தது. அதை இயக்கிய பிறகு 18.04 ஏறியது. போஸ்ட்கிரெஸ் 10, பைதான் 3.6, எல்லாம் அதன் சொந்தக் களஞ்சியத்திலிருந்தே வந்தன. டேட்டா ஃபோல்டரை வைத்தோம். முதல் தடவை எழவில்லை. ஃபோல்டரின் உரிமையாளர் போஸ்ட்கிரெஸ் என்ற யூசராக இருக்க வேண்டும், வேறு யாருக்கும் அனுமதி இருக்கக்கூடாது, இல்லாவிட்டால் அது கிளம்பாது. உரிமையைச் சரிசெய்ததும் கிளம்பியது. பழைய டிஸ்க்கிலிருந்து ஓடூவின் நிரலையும், பட்டறைக்கென்று யாரோ எழுதிக் கொடுத்திருந்த மாட்யூலையும் எடுத்து வைத்தோம். 28-ஆம் தேதி இரவு எட்டரை மணிக்கு லாகின் திரை வந்தது. அக்கா சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். (பழைய டிஸ்க்கையே முழுதாக ஒரு விர்ச்சுவல் டிஸ்க்காக மாற்றி ஓட்டும் வழியும் உண்டு. அன்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு பகல் மிச்சமாகியிருக்கும்.)

லாகின் வந்ததும் முடிந்தது என்று நினைத்தோம். கம்பெனி லோகோ இல்லை. கஸ்டமர்கள் அனுப்பிய பர்ச்சேஸ் ஆர்டர் ஸ்கேன் எதுவும் திறக்கவில்லை. ஓடூ, படங்களையும் இணைப்பு ஃபைல்களையும் டேட்டாபேஸுக்குள் வைக்காமல் ஃபைல் ஸ்டோர் என்ற தனி ஃபோல்டரில் வைக்கும். டேட்டாபேஸில் முகவரி மட்டும்தான் இருக்கும். டம்ப் மட்டும் எடுத்து வைத்துவிட்டு ‘பேக்கப் இருக்கு’ என்று சொல்கிற இடங்கள் எத்தனையோ! அந்த ஃபோல்டரும் டிஸ்க்கில் இருந்ததால் பிழைத்தோம்.

பிறகு பில்லை அச்சடித்தோம். வந்தது. ஆனால் மேலே கம்பெனி பெயர் இல்லை, முகவரி இல்லை, கீழே ஜி.எஸ்.டி. எண் இல்லை. நடுவில் அயிட்டங்கள் மட்டும் அனாதையாக நின்றன. அந்தக் காகிதத்தை யாரும் பில் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். காரணம் ஒரு சின்ன புரோகிராம். ஓடூ பில்லை முதலில் வெப் பக்கமாகத் தயாரித்து, அதை டபிள்யூ.கே. எச்.டி.எம்.எல். டு பி.டி.எஃப். என்ற வெளிப் புரோகிராமிடம் கொடுத்து பி.டி.எஃப். ஆக்கும். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பில்லே வந்துவிடும்! உபுண்டு களஞ்சியத்தில் கிடைப்பது சாதா க்யூ-டி லைப்ரரியோடு கட்டியது. அதற்குத் தலைப்பும் அடிக்குறிப்பும் போடத் தெரியாது. க்யூ-டி-யை ஒட்டுப்போட்டுக் கட்டிய தனிப் பதிப்பைத் தேடி நாமே நிறுவ வேண்டும். நாங்கள் 0.12.5 போட்டோம். ஓடூ 17-க்கு ஆவணம் சொல்வது 0.12.6. இதில் இன்னொரு வருத்தம், 2023-இல் அந்தப் புரோகிராமின் மூலக் களஞ்சியத்தையே ‘இனி மாற்றமில்லை’ என்று பூட்டிவிட்டார்கள். அதை நம்பி எத்தனை சாஃப்ட்வேர் நிற்கிறது என்று நினைத்தால் கவலையாகத்தான் இருக்கிறது.

தலைப்பு வந்தது. கஸ்டமர் பெயரைத் தமிழில் வைத்திருந்த சில பில்களில் பெயருக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தது. திரையில் தமிழ் நன்றாகத் தெரிகிறது, பி.டி.எஃப்.பில் மட்டும் கட்டம். யோசித்துப் பாருங்கள், ஏன்? திரையில் எழுத்தை வரைவது நம் மிஷினின் பிரவுசர், நம் மிஷினின் ஃபான்ட். பி.டி.எஃப்.பை வரைவது சர்வர். சர்வரில் தமிழ் ஃபான்ட் கிடையாது. லோகித் தமிழ் ஃபான்ட்டை சர்வரில் நிறுவியதும் சரியாகிவிட்டது. எங்கள் இரண்டு நாள் கூத்தில் ஒரே முயற்சியில் முடிந்த வேலை இது ஒன்றுதான்.

இந்த இடத்தில் உங்களில் பாதிப் பேர் கேட்பீர்கள்: "இவ்வளவு லினக்ஸ் தலைவலி எதுக்கு? விண்டோஸ்ல போட்டா என்ன?" முதலாளியும் கேட்டார். டாலி மாதிரி விண்டோஸில் ஓடுவதற்கென்றே செய்த சாஃப்ட்வேரில் பழகியவர்களுக்கு அது நியாயமான கேள்வி. ஓடூவுக்கு விண்டோஸ் இன்ஸ்டாலரும் இருக்கிறது, நாலு கிளிக்கில் ஏறிவிடும். ஆனால் நான் மேலே சொன்ன வொர்க்கர் முறை விண்டோஸில் கிடையாது. அங்கே ஒரே பிராசஸ், உள்ளே பல த்ரெட். வழக்கமான பைதானில் ஒரு பிராசஸுக்குள் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்தான் பைதான் நிரலை ஓட்டும். எட்டு கோர் பிராசஸர் வாங்கி வைத்தாலும் ஓடூ ஏறக்குறைய ஒன்றைத்தான் பயன்படுத்தும். ஒருவர் பெரிய ரிப்போர்ட் எடுத்தால் மற்றவர்கள் கை கட்டி உட்கார வேண்டும். கற்றுக்கொள்ளவும் காட்டிப் பார்க்கவும் விண்டோஸ் போதும். பில் போடுகிற மிஷினுக்கு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

மும்பையில் பிறந்த ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட்டும் இதே குடும்பம்தான். அதற்குப் பைதானோடு மரியா டி.பி., ரெடிஸ், நோட் ஜே.எஸ். மூன்றும் வேண்டும். 2023-இல் வந்த 15-ஆம் பதிப்பு பைதான் 3.10, நோட் 18, மரியா டி.பி. 10.6 கேட்கும். உபுண்டு 22.04-இல் பைதானும் மரியா டி.பி.யும் அப்படியே பொருந்தும், நோட் மட்டும் பழைய 12, அதைத் தனியாகப் போட வேண்டும். விண்டோஸில் நேரடியாக ஓடாது, டாக்கர் அல்லது டபிள்யூ.எஸ்.எல். வழியாகத்தான். பொருத்திப் பார்க்க வேண்டிய சாமான் அதிகம், பொருத்தும் முறை ஒன்றேதான்.

டாக்கர் என்று சொன்னதும் ஞாபகம் வந்தது. ஓடூ 12-ஐ அதற்கேற்ற பைதான், லைப்ரரி, பி.டி.எஃப். புரோகிராம் எல்லாவற்றோடும் ஒரே பொட்டலமாகக் கட்டிய டாக்கர் இமேஜும் இருக்கிறது. புது உபுண்டு மேல் பழைய ஓடூவை ஓட்ட அது இலேசான வழி. எங்கள் லேபில் யாரும் டாக்கர் சொல்லித் தரவில்லை என்பதால், நெருக்கடி நேரத்தில் தெரியாததைத் தொட வேண்டாம் என்று விட்டோம். நீங்கள் இப்போதே பழகி வையுங்கள்.

சர்வர் பக்கம் முடிந்தது. மறுநாள் காலையில் ஸ்டோர் ரூமிலிருந்து ஆள் வந்தார், "எனக்கு மட்டும் பக்கம் அரைகுறையா வருது" என்று. அங்கே இருந்தது விண்டோஸ் 7. விண்டோஸ் 7-க்கு குரோம் கடைசியாகக் கொடுத்தது 109-ஆம் பதிப்பு. 2023 பிப்ரவரியில் வந்த 110-லிருந்து விண்டோஸ் 10 வேண்டும். இவரிடம் அந்த 109-கூட இல்லை, அதற்கும் பழையது. 109 போட்டதும் ஓடூ 12 ஒழுங்காக வந்தது, ஏனென்றால் சாஃப்ட்வேரும் பழையது, பிரவுசரும் பழையது. நாளைக்கு ஓடூவைப் புதுப்பித்தால் இந்த ஸ்டோர் ரூம் மிஷின்தான் முதலில் கைவிடும். விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. சர்வருக்கு மட்டும் கணக்குப் போட்டுக் கொட்டேஷன் கொடுக்கிறவர்கள் இந்தச் செலவை மறந்துவிடுகிறார்கள்.

அக்கா எழுதிய கைப்பில்கள் மொத்தம் 23. எல்லாவற்றையும் ‘எம்’ வரிசையிலேயே ஓடூவில் ஏற்றினோம். ஜனவரி ரிட்டர்ன் தேதிக்குள் போய்விட்டது. இப்போது தினமும் இரவு டேட்டாபேஸ் டம்ப், ஃபைல் ஸ்டோர் இரண்டும் வேறொரு மிஷினுக்குப் போகின்றன. கிளம்பும் முன் அந்த டம்ப்பை எங்கள் லேப்டாப்பில் ஏற்றித் திறந்தும் பார்த்தோம். ஒரு தாளில் உபுண்டு, பைதான், போஸ்ட்கிரெஸ், ஓடூ, பி.டி.எஃப். புரோகிராம் ஆகியவற்றின் பதிப்பு எண்களை எழுதி அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிட்டு வந்தோம்.

ஆனால் வேலை முடியவில்லை. உபுண்டு 18.04-க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2023-லேயே நின்றுவிட்டன. போஸ்ட்கிரெஸ் 10-க்கும் அதற்கு முந்தின வருடமே காலம் முடிந்தது. அதனால் அந்த விர்ச்சுவல் மிஷினுக்கு இன்டர்நெட் கொடுக்காமல் ஆபீஸ் நெட்வொர்க்கோடு நிறுத்தி வைத்திருக்கிறோம். புதிய ஓடூவுக்குப் போவதென்றால் ஓப்பன் அப்கிரேட் என்ற கம்யூனிட்டி கருவியால் 12-லிருந்து 13, 13-லிருந்து 14 என்று படிப்படியாக ஏற வேண்டும். 13-ஆம் பதிப்பில் பில்லுக்கென்று இருந்த தனி மாடலை எடுத்து, கணக்குப் பதிவு மாடலோடு சேர்த்துவிட்டார்கள். பட்டறையின் சொந்த மாட்யூல் முழுக்க அந்தப் பழைய மாடலைத்தான் கூப்பிடுகிறது. அதை உட்கார்ந்து திருத்தி எழுத வேண்டும். முதலாளி "அடுத்த பேட்ச் பசங்க வந்தா செய்யச் சொல்லுங்க தம்பி" என்றிருக்கிறார். மாட்யூலின் பிரதி என்னிடம் இருக்கிறது. செகண்ட் இயர் நண்பர்கள் யாராவது அங்கே ட்ரெயினிங் போவதாக இருந்தால், போகும் முன் என்னிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.